என்பு பொருத்தும் கைகள்

தமிழிலே 'கை' என்பது ஓரெழுத்தொருமொழி. எழுத்து ஒன்றாயினும் அது பெற்றெடுத்த சொற்கள் பல. கைத்தொழில், கைவினை, கைப்பழக்கம், கைம்மாறு எனத் தொழிலும் பண்பும் அச்சொல்லைப் பற்றியே வளர்ந்தன. வைத்தியத்துறையில் அதன் ஆட்சி இன்னும் பெரிது. நாடி பிடித்தலைக் 'கைபார்த்தல்' என்கிறோம். வீட்டிலே உடன் செய்து கொடுப்பது 'கைமருந்து'. ஒருவர் தொட்டால் நோய் தீருமாயின் அவருக்குக் 'கைராசி' உண்டென்கிறோம். மருந்தின் பெருமையைப் பேசுமிடத்தும் அதைக் கொடுத்த கையை நாம் மறப்பதில்லை.

கிரேக்க மொழியிலும் இம்முறைமை காணப்படுகின்றது. அம்மொழியில் கையைக் குறிக்கும் சொல் 'கெயிர்' என்பது. 'கையாற் செய்யும் தொழில்' என்னும் பொருளில் அதிலிருந்து பிறந்த சொல்லே ஆங்கிலத்தில் உருத்திரிந்து 'சேர்ஜரி' ஆயிற்று. நாம் சத்திரசிகிச்சை என வழங்குவது அதனையே. அதே வேரிலிருந்து 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலே இன்னொரு சொல் ஆக்கப்பட்டது. அதுதான் 'கைரோபிரக்டிக்'. கத்தி எடுத்து அறுப்பவரும், கத்தியைத் தொடாமல் அழுத்தித் திருத்துபவரும், சொல்லின் வேரை நோக்கினால், ஒரே குடும்பத்துக் கைவினைஞர் ஆவர்.

இந்தச் சொல் தாங்கிய பெயர்ப்பலகைகள் இப்போது கொழும்பிலும் சென்னையிலும் காணப்படுகின்றன. 'இஃது என்ன வைத்தியம்?' என்று மாணவர் கேட்கின்றனர். முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் அசைத்தும் நோவு தீர்க்க முயலும் முறை என்று சுருக்கமாக விடை கூறலாம். ஆனால் அவ்விடையோடு நின்றுவிட்டால், புதுமையொன்று கடல் கடந்து வந்ததென்றே மாணவர் எண்ணுவர். சொல் புதிது, செயல் புதிதன்று. கொட்டியாரக் குடாவின் தென்கரையில் உள்ள சம்பூர், சேனையூர், கட்டைபறிச்சான், கூனித்தீவு முதலிய எங்கள் ஊர்களிலே 'முறிவு நெரிவு பார்ப்பவர்' என்றால் விளக்கம் வேண்டியதில்லை. ஆகையால் அந்தப் பெயர்ப்பலகைக்கு உரியவரையும், எங்கள் பரியாரியாரையும், அவ்விருவருக்கும் உறவுமுறையான வேறு சிலரையும் ஒரே திண்ணையில் இருத்தி வாசகர்க்கு அறிமுகம் செய்ய விரும்புகின்றோம். ஒவ்வொரு கையும் எதை அறிந்தது, எங்கே நிற்கவேண்டும் என்பதே நமது விசாரணை.

நம்மூர்ப் பரியாரியார்

முதலில் நம்மவரைக் காண்போம். மூதூர்ப் பகுதியிலிருந்து திருகோணமலை நகரத்துப் பெரிய வைத்தியசாலைக்குச் செல்வது ஒரு காலத்தில் எளிதான காரியமன்று. குடாவைக் கடக்க லோஞ்சு வேண்டும். தரைவழி செல்வோர்க்குத் துறைகள் பல குறுக்கிட்டன. 'பாதை' என்று எம்மவர் வழங்கும் மிதவையிலே ஏறி ஏறி இறங்கவேண்டும். (வழியைக் குறிக்கும் சொல்லே வழி இல்லாத இடத்தைக் கடத்தும் மிதவைக்குப் பெயரானது கிழக்கிலங்கைத் தமிழின் ஓர் அழகு.) 2009 ஆம் ஆண்டிலே கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது; அதன்பின் ஏனைய துறைகளிலும் பாலங்கள் அமைந்தன. அதற்கு முன், பாலைப்பழம் பறிக்க ஏறிக் கைமுறிந்த சிறுவனும், மாடு முட்டி விழுந்த உழவனும், வள்ளம் தள்ளும்போது தோள் நழுவிய கடற்றொழிலாளியும் முதலில் யாரிடம் சென்றிருப்பர்? நடந்து செல்லும் தொலைவில் இருந்த பரியாரியாரிடமே.

அவர் செய்வது என்ன? எண்ணெய்க் குப்பியை எடுக்குமுன் அவர் கேள்வி கேட்பார். எப்படி விழுந்தாய், கையை ஊன்றினாயா, தோள் அடிபட விழுந்தாயா, விழுந்தபின் எழுந்து நடந்தாயா என்பார். பிறகு நல்ல உறுப்பையும் நொந்த உறுப்பையும் அருகருகே வைத்து நீளமும் வளைவும் ஒப்பிடுவார். அதன் பின்பே விரல்நுனியால் என்பின் ஓரத்தை மெல்லத் தடவிச் செல்வார். விரல் செல்லும் வழியில் ஓரிடத்திலே நோயாளி முகம் சுளிக்கும். அந்த இடந்தான் விடை. பின் இழுத்து நேராக்கல், எண்ணெய் இடல், பச்சிலை அரைத்துப் பற்றுப் போடல், மூங்கிற் சிம்பு வைத்துத் துணியாற் கட்டல், சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்த்து மறுபடி கட்டல் என்று ஒழுங்கு அமையும்.

இத்தொழிலின் அறிவு ஏடுகளிலே மாத்திரமன்றிச் சொற்களிலும் சேமித்து வைக்கப்பட்டுள்ளது. தமிழாசிரியர்கள் இதைக் கவனித்தல் வேண்டும். என்பு இரண்டுபட்டால் முறிவு. நசுங்கி நொறுங்கினால் நெரிவு. கோடு விழுந்து பிரியாது நின்றால் வெடிப்பு. மூட்டு தன் இருக்கையை விட்டு வெளியேறினால் நழுவல். சிறிதே இடம் மாறினால் பிசகு. தசைநார் முறுக்குண்டு வலித்தால் சுளுக்கு. அசைவு மட்டும் தடைப்பட்டால் பிடிப்பு. நகரத்தார் 'அடிபட்டுவிட்டது' என்று ஒரே சொல்லில் முடிப்பதனைக் கிராமத்தார் ஏழு சொல்லாற் பிரித்தனர். ஒவ்வொரு சொல்லும் ஒரு நோய் நிர்ணயம். ஒவ்வொன்றுக்கும் வேறு சிகிச்சை. வடமொழியிலே சுசுருதர் முறிவை 12 வகையாகவும் மூட்டு விலகலை 6 வகையாகவும் வகுத்தார். அவ்வகுப்பை ஒரு நாளும் ஓதாத கிராமத்துக் கிழவியும் 'இது முறிவில்லை, பிசகு' என்று பேரனின் மணிக்கட்டைப் பார்த்துச் சொல்வதற்கு இச்சொற்களே துணை நின்றன.

இத்தொழில் சட்டத்தின் புறத்தே நின்ற ஒன்று என்றும் எண்ணுதல் வேண்டா. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டத்தின் கீழ்ப் பரம்பரை வைத்தியர் பதிவு பெறலாம். அப்பதிவில் முறிவு வைத்தியம் தனியொரு பிரிவாகவே கொள்ளப்படுகின்றது. சிங்கள மக்கள் இதனைக் 'கெடும் பிந்தும்' என்பர். விடக்கடி, கண், கட்டு என்பவற்றைப் போல இதுவும் ஒரு குடும்பத்தின் கல்வியாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கி வந்தது.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். நம் வேலிகளிற் படரும் பிரண்டைக்கு என்பொட்டும் ஆற்றல் உண்டென்பது பழைய நம்பிக்கை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடுப்பா, பிரசாத் என்னும் ஆய்வாளர்கள் 1960 களின் தொடக்கத்தில் விலங்குகளிலே அதனைச் சோதித்து, முறிவு ஆறுதல் விரைவுபடுவதாக அறிவித்தனர். விலங்கிற் கண்டது மனிதர்க்கும் அவ்வளவே பொருந்தும் என்று உடனே முடிவு கட்டலாகாது. ஆயினும் வேலியிலே கிடந்த கொடியை ஆய்வுகூடம் திரும்பிப் பார்த்ததென்பது சிறு செய்தியன்று.

புத்தூர்க் கட்டும் குமரிநாட்டு ஆசானும்

தமிழகத்திலே கைகால் முறிந்தவரைக் கண்டால் 'புத்தூர்க் கட்டுப் போட்டாயா?' என்று கேட்பது வழக்கம். இது நமது யாழ்ப்பாணத்துப் புத்தூர் அன்று. சென்னையிலிருந்து திருத்தணி வழியாக ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையில், ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்த ஊர். கேசவராஜு என்பவர் அங்கே இவ்வைத்தியத்தைத் தொடங்கிய ஆண்டு 1881 என்பர். வேட்டைக்குச் சென்றவிடத்தில் ஒரு பச்சிலையின் ஆற்றலைத் தற்செயலாகக் கண்டார் என்பது அக்குடும்பத்துக் கதை. கதை எவ்வாறாயினும் முறை தெளிவானது: கையால் என்பை நேராக்குவர், பச்சிலை மருந்தும் முட்டை வெண்கருவும் பூசுவர், மூங்கிற் சிம்பு வைத்துத் துணியாற் சுற்றுவர். வெண்கரு உலர்ந்து துணியை விறைக்கச் செய்யும். ஆங்கில வைத்தியர் சாந்து குழைத்துச் செய்யும் வேலையை அங்கே முட்டை செய்தது. தலைமுறை தலைமுறையாக நோயாளர் அவ்வூரை நாடிச் சென்றனர். பெயரின் புகழைக் கண்டு, அக்குடும்பத்தோடு எத்தொடர்பும் இல்லாதாரும் ஊருக்கு ஊர் அதே பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டனர். பலகையை எழுதிவிடலாம், கையை எழுதுவது எங்ஙனம்?

இன்னும் தெற்கே சென்றால் குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களைக் காணலாம். உடலில் உயிர்நிலை தங்கும் இடங்கள் 108 என்று அவர்கள் கணக்கிடுவர். அவற்றுள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். அடிபட்டால் ஆளை வீழ்த்தும் அதே இடம், அறிந்த விரல் பட்டால் விழுந்தவனை எழுப்பும் என்பது அவர்களின் கொள்கை. சிலம்பமும் அடிமுறையும் கற்பிக்கும் ஆசானே முறிவுக்கும் பிசகுக்கும் கட்டுப் போடுவார். காயம் செய்யும் கல்வியும் காயம் ஆற்றும் கல்வியும் ஒரே ஆசானிடம் இருந்தன. ஆதலின் மாணவனைப் பல ஆண்டுகள் அருகில் வைத்துக் குணம் அறிந்த பின்பே உள்ளுறையைச் சொல்லுதல் மரபாயிற்று. அந்நூல்கள் செய்யுளில் அமைந்தவை, மறைபொருள் நிறைந்தவை. தமிழ் மட்டும் அறிந்தவருக்கு வர்மம் விளங்காது; வர்மம் மட்டும் அறிந்தவருக்குச் செய்யுள் விளங்காது. இருவரும் ஒருங்கிருந்தாலன்றி அவ்வேடுகள் வாய் திறவா.

இவ்விரு மரபினருக்கும் பொதுவான பெருமையும் பொதுவான குறையும் உண்டு. அனுபவம் பெருமை, மறைத்து வைத்தல் குறை. இதனைப் பின்னர் நோக்குவோம். இப்போது, திண்ணையில் நெடுநேரம் காத்திருக்கும் அமெரிக்க விருந்தினரை அழைப்போம்.

டவன்போர்ட் நகரத்து வைத்தியர்

கைரோபிரக்டிக்கைத் தோற்றுவித்தவர் டி. டி. பாமர். 1845 இல் கனடாவிலே பிறந்து, அயோவா மாநிலத்து டவன்போர்ட் நகரில் காந்த சிகிச்சை என்ற பெயரால் தொழில் நடத்தியவர். அவர் தொழில் செய்த கட்டிடத்தைத் துப்புரவு செய்தவர் ஹார்வி லிலார்ட் என்னும் கறுப்பினத்தவர். குனிந்து வேலை செய்தபோது முதுகிலே ஏதோ நெகிழ்ந்தாற் போன்ற உணர்ச்சி உண்டாகி, அன்று முதல் 17 ஆண்டுகளாகத் தமக்குச் செவி சரியாகக் கேட்பதில்லை என்று அவர் கூறினார். 1895 செப்டெம்பர் 18 இல் பாமர் அவருடைய முதுகென்பு ஒன்றை அழுத்தித் திருத்தினார். செவி கேட்கத் தொடங்கிற்று என்பது அவ்வைத்தியத்தின் பிறப்பு வரலாறு. சாமுவேல் வீட் என்னும் பாதிரியார் கிரேக்கத்திலிருந்து அதற்குப் பெயர் அமைத்துக் கொடுத்தார். 1897 இல் பாமர் ஒரு பாடசாலை தொடங்கினார். அனுமதிப்பத்திரமின்றி வைத்தியம் பார்த்தார் என்று 1906 இல் சிறையும் புகுந்தார்.

முதுகென்பின் சிறு பிசகே மனித நோய்களுட் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்பது பாமரின் கொள்கை. விஞ்ஞானம் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. செவி நரம்பு மண்டையோட்டின் உள்ளேயே மூளையைச் சேர்வது. முதுகை அழுத்திச் செவி திறத்தல் எவ்வாறு என்று உடலியலார் வினவினர். விடை கிடைத்திலது. ஆயினும் கொள்கை தளர்ந்த இடத்திலும் கை முற்றாகத் தோற்கவில்லை. இடுப்பு நோவுக்கு முள்ளந்தண்டைக் கையால் இயக்குதல் ஓரளவு பயன் தரும் என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017 இல் வெளியிட்ட வழிகாட்டியில், புதிதாகத் தோன்றிய இடுப்பு நோவுக்கு மருந்துக்கு முன் முயலத்தக்க முறைகளுள் இதுவும் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2023 இறுதியில் நெடுநாள் இடுப்பு நோவைப் பற்றி வெளியிட்ட வழிகாட்டியும் இதற்கு இடம் அளித்துள்ளது. எனினும் உடற்பயிற்சி முதலான பிற நல்ல முறைகளைவிட இது மேம்பட்டதென ஆய்வுகள் காட்டவில்லை. 2020 ஆம் ஆண்டிலே உலகில் இடுப்பு நோவுற்றோர் 61 கோடியே 90 இலட்சம் பேர் என்று அந்நிறுவனம் கணித்தது. நோயாளர் தொகை இதுவாயின் ஒரு வைத்தியர் மட்டும் போதார் என்பது வெளிப்படை.

பாமர் லிலார்ட்டின் முதுகைத் தொட்ட நாளிலிருந்து 51 நாட்கள் கடந்து, 1895 நவம்பர் 8 இல், ஜேர்மனியிலே ரொண்ட்ஜன் என்னும் பேராசிரியர் ஊடுகதிரைக் கண்டார். நாம் எக்ஸ்றே என்பது அதுவே. அதுவரை என்பை அறியக் கைக்கு விரல்நுனி ஒன்றே கருவி. அன்று முதல் கைக்குக் கண்ணும் கிடைத்தது. அந்தக் கண்ணை வேண்டும்போது துணைக்கு அழைப்பவரே இக்காலத்தில் நல்ல வைத்தியர். வேண்டாவென்று ஒதுக்குபவர் கைராசி எவ்வளவு உடையவராயினும் இருட்டிலே நடப்பவரே.

கடல் தந்த குழந்தை

கிராமத்துக் கைக்கும் ஆங்கில வைத்தியத்துக்கும் என்றும் பகை என்று எண்ணுவோர்க்கு ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லவேண்டும். 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேல்ஸ் நாட்டின் அங்கிள்சீத் தீவருகே ஒரு கப்பல் உடைந்தது. மொழி தெரியாத சிறுவன் ஒருவன் கரை சேர்ந்தான். ஊரவர் அவனை எடுத்து வளர்த்து ஈவன் தோமஸ் எனப் பெயரிட்டனர். முதலில் விலங்குகளுக்கும் பின் மனிதருக்கும் என்பு பொருத்தும் வித்தை அவனுக்கு இயல்பாய் அமைந்திருந்ததாம். அவன் வழியினர் தலைமுறைதோறும் என்பு பொருத்துவோராய் விளங்கினர். கடற்கரையில் வாழும் நமக்கு இக்கதை அந்நியமாய்த் தோன்றாது.

அவ்வழியில் வந்து லிவர்பூல் நகரில் தொழில் நடத்திய மற்றோர் ஈவன் தோமஸ் மீது பட்டம் பெற்ற வைத்தியர்கள் வழக்குத் தொடுத்தனர். அவர் அதற்காகத் தொழிலை விடவில்லை. பட்டத்தைப் பழிக்கவும் இல்லை. தம் மைந்தர் ஐவரையும் வைத்தியம் படிக்க அனுப்பினார். அவர்களுள் மூத்தவரே ஹியூ ஓவென் தோமஸ் (1834–1891). குடும்பத்தின் கைப்பழக்கமும் கல்லூரியின் கல்வியும் அவரிடம் ஒன்றுசேர்ந்தன. முறிந்த காலை அசையாது தாங்க அவர் அமைத்த இரும்புச் சட்டத்துக்குத் தோமஸ் சட்டம் என்றே பெயர். ஞாயிறுதோறும் ஏழைகளுக்கு அவர் இலவசமாக வைத்தியம் பார்த்தார். அவருடைய மருமகர் ரொபேர்ட் ஜோன்ஸ் முதலாவது உலகப் போரில் அந்தச் சட்டத்தைப் போர்க்களத்துக்குக் கொண்டுசென்றார். தொடையென்பு சிதறிய வீரர் இறத்தலை அது பெரிதும் குறைத்தது. என்பு முறிவியல் என்று இன்று பல்கலைக்கழகங்களில் ஓதப்படும் துறையின் தந்தையருள் ஒருவராகத் தோமஸ் எண்ணப்படுகின்றார். அதன் வேர் ஒரு மீனவத் தீவின் கிராமத்து வைத்தியத்தில் உள்ளது.

இலண்டனில் நிகழ்ந்த இன்னொன்றும் நினைக்கத்தக்கது. ஹட்டன் என்னும் என்பு பொருத்துவோர் நெடுநாள் நோயுற்றுக் கிடந்தார். பீற்றர் ஹூட் என்ற டாக்டர் பணம் வாங்காமல் அவரைக் கவனித்தார். அந்நன்றிக்குக் கைம்மாறாக ஹட்டன், தம் வித்தையை டாக்டரின் மகன் உவார்ட்டன் ஹூட்டுக்குக் கற்பித்தார். ஹட்டன் மறைந்தபின், 1871 இல், மகன் அதனை 'லான்செற்' என்னும் வைத்திய இதழில் விரித்தெழுதினார். நன்றியின் பெயரால் ஒரு கதவு திறந்தது. உள்ளே இருந்த அறிவு உலகுக்கு வந்தது. அந்த டாக்டர் பணம் வாங்கியிருந்தால் அவ்வித்தை ஹட்டனோடு மண்ணுக்குள் சென்றிருக்கும்.

கை நிற்கவேண்டிய இடம்

பெருமை பேசியது போதும். இனி, நமது பிள்ளைகளின் கைகால்களைப் பற்றிய கவலையோடு பேசுவோம்.

முறிந்த என்பை ஒட்டவைப்பவர் வைத்தியர் அல்லர்; இயற்கையே. முறிந்த இடத்தில் இரத்தம் உறையும். அதன்மேல் மெல்லிய பாலம் ஒன்று எழும். பின் அது கடினமாகி என்பாகும். மேற்கை முறிவுக்குச் சில வாரங்கள், தொடையென்புக்குச் சில மாதங்கள் செல்லும். பிள்ளைகட்கு விரைவு, முதியோர்க்குத் தாமதம். வைத்தியர் செய்வது என்பை நேராக வைத்து அசையாது காப்பது. இடுப்பு நோவிலும் பெரும்பகுதி சில வாரங்களிலே தானாகவே தணியும். ஆதலால் காலம் செய்த வேலைக்குரிய புகழைக் கை பெற்றுக்கொள்வதுண்டு. இது பரியாரியாருக்கும் பொருந்தும். கைரோபிரக்டிக் வைத்தியருக்கும் பொருந்தும். கட்டணம் பெரிதாக வாங்கும் நகரத்து நிபுணருக்கும் பொருந்தும்.

ஆனால் கை செய்த தீங்கைக் காலம் ஆற்றாது. புத்தூரில் கட்டு வைத்தியம் தொடங்கியதாகச் சொல்லப்படும் அதே 1881 ஆம் ஆண்டில், ஜேர்மனியச் சத்திரவைத்தியர் வொல்க்மன் ஒரு கட்டுரை வெளியிட்டார். முழங்கை முறிந்த பிள்ளைக்கு இறுகக் கட்டினால் இரத்தவோட்டம் தடைப்பட்டுத் தசைநார் மடிந்து, விரல்கள் நகம் போல் மடங்கிக் கை பயனற்றுப் போகும் என்று அதில் விளக்கினார். அக்கேட்டுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகின்றது. அவர் கண்டது பட்டம் பெற்ற வைத்தியர் கட்டிய கட்டுகளின் தீங்கையே. நம் மரபிலும் இவ்வெச்சரிக்கை இல்லாமல் இல்லை. தளரக் கட்டினால் மூட்டு நிலைபெறாது, இறுகக் கட்டினால் வீக்கமும் நோவும் மிகும் என்று சுசுருதர் கூறியுள்ளார். குளிர்காலத்தில் 7 நாளுக்கொருமுறை, மிதமான காலத்தில் 5 நாளுக்கொருமுறை, வெயிற்காலத்தில் 3 நாளுக்கொருமுறை கட்டை அவிழ்த்துப் பார்க்கவும் விதித்தார். விதி இருந்தது, விதியை மறந்த கைகளும் இருந்தன. இறுகிய கட்டினால் உறுப்பழுகி, அதனை நீக்கவேண்டிய நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளைப் பற்றி இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் வைத்தியர் எழுதியுள்ள கட்டுரைகள் பல.

ஆகவே பெற்றோரும் ஆசிரியரும் சிலவற்றை நெஞ்சிற் பதித்தல் நன்று. தோலைக் கிழித்து என்பு வெளிவந்தால் யாரும் இழுத்துத் திருத்தலாகாது. சுத்தமான துணியால் மூடி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். கட்டுப் போட்டபின் விரல்கள் குளிர்ந்தோ நீலம் பாய்ந்தோ மரத்தோ போனாலும், விரலை நீட்டுகையில் பிள்ளை துடித்தாலும், நேரம் பார்க்காமல் கட்டைத் தளர்த்திக்கொண்டு ஓடவேண்டும். மரத்தால் விழுந்தவருக்குக் கழுத்திலோ முதுகிலோ நோவு இருந்தால் அவரைப் பிடித்து எழுப்பி இருத்துதல் கூடாது. கால் மரத்தலும் சிறுநீர் கட்டுப்படாமையும் முள்ளந்தண்டினுள் உள்ள நரம்புக்கு ஆபத்து நேர்ந்ததன் அடையாளம். முதிய தாயார் ஒருவர் இலேசாக விழுந்தபின் எழ மாட்டாராயின் அது இடுப்பென்பு முறிவாயிருத்தல் கூடும். எண்ணெய் தடவி நாள் கடத்தலாகாது. கழுத்தைச் சடுதியாகத் திருப்பிச் சொடுக்கெடுத்தலும் விளையாட்டன்று. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடி அரிதாகவேனும் கிழிதலுண்டு. சிகை அலங்கரிப்பு நிலையத்துக் கதிரையில் இருந்துகொண்டு கழுத்தைக் கொடுப்போர் இதனை அறிதல் நலம்.

உலக சுகாதார நிறுவனம் 2005 இல் கைரோபிரக்டிக் பயிற்சிக்கு வகுத்த அளவு, முழுநேரக் கல்வியாக 4 ஆண்டுகள், 4,200 மணித்தியாலங்கள். அவற்றுள் 1,000 மணித்தியாலமாவது மேற்பார்வையின்கீழ் நோயாளரைப் பார்த்தல் வேண்டும். நம் பரியாரியாரின் பயிற்சியை மணித்தியாலத்தில் எவரும் எண்ணியதில்லை. சிறுவயது முதல் தந்தையின் அருகிருந்து சிம்பு சீவியும் இலை அரைத்தும் கற்ற காலத்தைக் கூட்டினால் அது 4,200 ஐத் தாண்டவும் கூடும். ஆனால் அவர் கற்றதை யாரும் பரீட்சித்ததில்லை. அவர் கண்ட நோயாளருள் எத்தனை பேர் நேராயினர், எத்தனை பேர் கோணினர் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கணக்கில்லாத வெற்றி வியப்பைத் தரும், கல்வியைத் தராது.

அறுபட்ட சங்கிலி

சம்பூர் மக்கள் 2006 ஆம் ஆண்டு போரினால் இடம்பெயர்ந்தனர். 2015 ஆம் ஆண்டிலிருந்தே படிப்படியாகத் தம் மண்ணுக்கு மீளத் தொடங்கினர். ஏறத்தாழ ஒன்பதாண்டுகள். அக்காலத்தில் முகாமிலே பிறந்த குழந்தை, பச்சிலை முளைக்கும் தன் காட்டைக் காணாமலே பாடசாலை சென்றது. வீட்டின் கூரையையே இழந்தவர் பரணிலிருந்த ஏட்டைக் காத்திருப்பார் என எதிர்பார்த்தல் தகாது. கையால் கற்கும் கல்விக்கு மூன்று வேண்டும்: கற்பிக்கும் கை, கற்கும் கை, இரண்டும் கூடியிருக்க ஒரு முற்றம். முற்றம் போனால் மற்ற இரண்டும் இருந்தும் பயனில்லை. இப்போது முற்றம் மீண்டுள்ளது. பாலமும் வந்து, வைத்தியசாலையும் அண்மித்துள்ளது. ஊடுகதிர்ப்படம் எடுத்த பின்பு பரியாரியாரிடம் செல்லலாம். பரியாரியாரே 'இது என் கைக்கு உரியதன்று' என்று வைத்தியசாலைக்கு அனுப்பலாம். முன்னோர்க்கு இல்லாத வசதி இது.

கல்விக்கூடங்களும் இன்று உண்டு. பாளையங்கோட்டையில் 1964 இல் அரசினர் சித்த வைத்தியக் கல்லூரி தொடங்கிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1984 முதல் சித்த வைத்தியம் கற்பிக்கின்றது. நமது திருகோணமலையிலே, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில், 2008 இல் சித்த வைத்தியப் பிரிவு அமைந்தது. அங்கே உடற்கூறு ஓதும் மாணவர், குடாவின் இக்கரையில் எஞ்சியுள்ள முதியவர்களின் முற்றத்துக்கும் வருவாராயின், தோமஸ் குடும்பத்திலே நிகழ்ந்த சேர்க்கை இங்கும் நிகழும். வருகின்றவர் கேலிக்காக வரலாகாது, வழிபடவும் வரவேண்டா. கேட்கவும் எழுதவும் சோதிக்கவும் வரவேண்டும். முதியவரும் 'குலவித்தை, வெளியிற் சொல்லமாட்டேன்' என்று வாயை மூடலாகாது. மறைத்துக் காத்த வித்தை மறைந்தே போகும்.

வைத்தியத்துக்கு அங்கம் நான்கு என்று திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் முடிவுறும். நோயாளி, வைத்தியர், மருந்து என்ற மூன்றையும் எல்லாரும் எண்ணுவர். நான்காமவர் அருகிருந்து பார்ப்பவர். விழுந்த பிள்ளையை எந்த வழியிலே தூக்கிச் செல்வது, எந்தக் கையிலே கொடுப்பது, கட்டிய பின் இரவில் எழுந்து விரல் நுனியின் நிறத்தை யார் பார்ப்பது என்பவை அவர் பொறுப்பு. அந்நான்காமவர் தாயாகலாம், தந்தையாகலாம், விளையாட்டுத் திடலில் நிற்கும் ஆசிரியராகலாம். அவர் அறிந்திருந்தால் பரியாரியாரின் கையும் நலம் செய்யும். டாக்டரின் கையும் நலம் செய்யும். அறியாதிருந்தால் இரண்டும் காலங்கடந்தே பிள்ளையைத் தொடும்.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையிலே உங்கள் ஊரில் முறிவு நெரிவு பார்க்கும் பெரியவரிடம் ஒரு கொப்பியோடு செல்லுங்கள். அவர் வழங்கும் சொற்களை அவர் சொன்னபடியே எழுதுங்கள். எந்த இலை, எந்த எண்ணெய், எத்தனை நாட்கட்டு என்று கேளுங்கள். இறுதியாக, 'எந்த நோயாளியைத் தொடாமல் திருப்பி அனுப்புவீர்கள்?' என்றும் கேளுங்கள். அக்கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்பவரே உண்மையில் கை அறிந்த வைத்தியர். அந்த விடையை மறவாது தேதியிட்டு எழுதி வையுங்கள்.